மலைப் பட்டறையில் மரம் வளைத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர், கோத்தகிரி, உதகை வட்டாரத்துத் தச்சர்களும், மரவேலை கற்றுக்கொள்ள வருகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ஆவியில் வளைப்பது, மெல்லிய பட்டைகளை (பட்டையாக அறுத்த மரத் தகடுகளை) ஒட்டி வளைப்பது ஆகிய இரண்டு முறைகளுக்கும் பதில் இங்கே இருக்கிறது. இந்தத் தொழிலைப் பற்றிக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை சமவெளிக் கணக்கில் எழுதப்பட்டவை. இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில், பனிமூட்டத்துக்கு நடுவே வேலை செய்கிறவருக்கு அந்தக் கணக்கு பல இடங்களில் ஒத்துவராது. எங்கெங்கே ஒத்துவராது என்பதைத்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

பலகையிலேயே வளைவாக அறுத்துக்கொள்ளலாமே, எதற்கு இந்தப் பாடு?

லேசான வளைவென்றால் அறுத்துக்கொள்ளுங்கள், தவறே இல்லை. ஆனால் அரைவட்டமாகச் சுற்றிவரும் நாற்காலி முதுகை அப்படிச் செய்யக் கூடாது. மரத்தின் நார் நேராக ஓடுகிறது. நீங்கள் அறுக்கும் வளைவு அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. வளைவின் ஏதோ ஓரிடத்தில் நார் முழுக்கக் குறுக்காகி, விரல் நீளம்கூட மிஞ்சாமல் போகும். உட்கார்ந்தவர் முதுகைச் சாய்த்து அழுத்தினால் அந்த இடம்தான் முறியும். பழைய பங்களாக்களில் கம்பி சுற்றிக் கட்டிவைத்திருக்கும் நாற்காலிக் கைகளைக் கவனித்தால் இது புரியும். வளைத்த மரத்தில் நார், முனையிலிருந்து முனைவரை வளைவோடு சேர்ந்தே ஓடுகிறது. அதனால் மெல்லிய சட்டமே முழுப் பாரத்தையும் தாங்கும். அகலப் பலகை வாங்கி அதில் பாதியை அடுப்புக்குப் போடவேண்டிய அவசியமும் இல்லை.

ஆவி பட்டால் மரம் ஏன் வளைகிறது?

மர நார்களைப் பிணைத்து வைத்திருப்பது லிக்னின் என்னும் பொருள். ஈரமும் சூடும் சேர்ந்தால் அது இளகும், ஆறினால் மறுபடி இறுகும். இளகியிருக்கும் அந்தச் சிறிது நேரத்தில் நார்கள் ஒன்றன்மேல் ஒன்று நழுவி இடம் மாறிக்கொள்கின்றன.

இதில் மனத்தில் பதியவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. சூடான ஈர மரம் நீளவாக்கில் நன்றாகச் சுருங்கிக் கொடுக்கும். வளைவதற்கு ஏற்ற மரம் நாலில் ஒரு பங்குகூடச் சுருங்கும். ஆனால் இழுத்தால் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ பங்குதான் நீளும், அதற்குமேல் கிழிந்துவிடும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 மி.மீ. கனமுள்ள சட்டத்தை, உள்பக்க ஆரம் 200 மி.மீ. இருக்கும்படி அரைவட்டமாக வளைக்கிறோம். உள்விளிம்பின் நீளம் சுமார் 628 மி.மீ., வெளிவிளிம்பின் நீளம் சுமார் 707 மி.மீ. ஒரே சட்டத்தின் இரண்டு முகங்களுக்கு நடுவே 79 மி.மீ. வித்தியாசம். வெளிமுகத்தை இழுத்து இதைச் சமாளிக்கவே முடியாது. உள்முகத்தைத்தான் சுருக்கியாக வேண்டும்.

அதற்கு வழிசெய்வது இரும்புப் பட்டி. சட்டத்தின் வெளிமுகத்தில் ஒரு தகட்டைப் படியவைத்து, அதன் இரு முனைகளிலும் மரக்கட்டையோ இரும்புக் கட்டையோ பொருத்தி, சட்டம் அவற்றுக்கு நடுவே இம்மியும் அசையாமல் உட்காரும்படி செய்யவேண்டும். வளைக்கும்போது இழுவிசையைத் தகடு வாங்கிக்கொள்கிறது, மரத்துக்குச் சுருங்குவதைத் தவிர வேறு வழி இருக்காது. ஒன்றரை மி.மீ. கனமுள்ள துருப்பிடிக்காத எஃகுத் தகடு நாற்காலி வேலைக்குப் போதும்.

இந்த முறை யாருடையது?

வண்டிக்காரர்களும் படகு கட்டுகிறவர்களும் நெடுங்காலமாகவே மரத்தைச் சூடுகாட்டி வளைத்திருக்கிறார்கள். அதைத் தொழிற்சாலை வேலையாக்கியவர் மிகேல் தோனெட். 1796இல் ஜெர்மனியின் போப்பார்டில் பிறந்த தச்சர். முதலில் அவர் மெல்லிய மரத் தகடுகளைப் பசையில் வேகவைத்து, கட்டாகச் சேர்த்து அச்சில் வளைத்தார். அதாவது இன்று லேமினேஷன் என்கிறோமே, அதிலிருந்துதான் தொடங்கினார். விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சிச் செய்த அக்காலத்து வஜ்ஜிரப் பசை ஈரக்காற்றில் இளகிவிடும். கடல் கடந்து ஈரப் பிரதேசங்களுக்குப் போகும் நாற்காலிக்கு அது ஆகாது. பிறகு பசையே இல்லாமல் முழு மரத்தை ஆவியில் வளைக்கும் முறைக்கு வந்தார். 1856இல் அதற்கு வியன்னாவில் உரிமை பெற்றார். இரும்புப் பட்டிதான் அந்த முறையின் உயிர்.

1859இல் வந்த அவருடைய 14ஆம் எண் நாற்காலியில் மொத்தம் ஆறு மரத்துண்டுகள், பத்துத் திருகாணிகள், இரண்டு நட்டுகள். கழற்றி அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகள் அடங்கும். பெரிய நகரங்களின் காபிக் கடைகளை அந்த நாற்காலி நிறைத்தது. இவ்வளவுக்கும் மூலதனம் பீச் மரமும் தண்ணீரும் நெருப்பும்தான். எனக்கு இந்தத் தொழில்மேல் தீராத மதிப்பு ஏற்பட இதுவும் ஒரு காரணம்.

உதகையில் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடுகிறது. அந்த ஆவி போதுமா?

போதும், ஆனால் நேரம் கூடும். கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. ஏறக்குறைய ஒவ்வொரு 300 மீட்டர் ஏறும்போதும் ஒரு டிகிரி குறைகிறது. 1,850 மீட்டர் உயரக் குன்னூரில் 94 டிகிரிக்குப் பக்கத்திலும், 2,240 மீட்டர் உயர உதகையில் 92, 93 டிகிரியிலும் கொதிக்கிறது. பருப்பு வேக இங்கே நேரம் பிடிக்கும் என்பது எல்லா வீட்டிலும் தெரிந்ததுதான். மரத்துக்கும் அதே காரணம், அதே விளைவு.

சமவெளியில் ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் என்பது தச்சர்களின் வாய்க்கணக்கு. உதகையில் அதைக் கால் மணி நேரமாவது கூட்டிக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், நேரத்தை எப்போதிருந்து எண்ணுகிறீர்கள் என்பது. அடுப்பைப் பற்றவைத்த நேரம் கணக்கில் சேராது. பெட்டியின் கடைசி மூலையில், ஆவி நுழையும் வாய்க்கு எதிர்க்கோடியில், ஒரு வெப்பமானியைச் செருகுங்கள். அது 90ஐத் தாண்டிய பிறகே கடிகாரத்தைப் பாருங்கள். மார்கழிக் குளிரில் மெல்லிய பலகைப் பெட்டி அந்த நிலைக்கு வரவே வராது. பழைய கம்பளி, தெர்மாகோல், சாக்கு என்று எதையாவது வெளியே சுற்றிக் கட்டவேண்டும்.

சூட்டைக் கூட்டுகிறேன் என்று பெட்டியை இறுக மூடி அழுத்தம் ஏற்றாதீர்கள். மரப்பெட்டி வெடிக்கும், ஆள் வெந்துபோவார். இது எச்சரிக்கைக்காகச் சொல்லும் சம்பிரதாய வாக்கியம் அல்ல. அதேபோல, இன்னும் கொஞ்சம் இளகட்டுமே என்று மணிக்கணக்கில் விட்டுவைப்பதும் கெடுதல். அளவுக்கு மீறி வெந்த மரம் உள்வளைவில் மடிப்பு மடிப்பாகச் சுருண்டுவிடும்.

ஆவிப்பெட்டியை எப்படிச் செய்வது?

இட்லிக் கொப்பரையை நீட்டிப் படுக்கவைத்தது போன்ற அமைப்புதான். தண்ணீரில் கெடாத பிளைவுட் அல்லது அங்குலப் பலகையால் நீளப்பெட்டி. உள்ளே குறுக்குக் குச்சிகள் அடித்து, சட்டங்கள் ஒன்றையொன்று தொடாமல் அவற்றின்மேல் கிடக்கவேண்டும். பெட்டி ஒரு பக்கமாகச் சற்றுச் சாய்ந்திருக்கட்டும், தாழ்ந்த மூலையில் குளிர்ந்த தண்ணீர் வடிய ஒரு துளை இருக்கட்டும். கதவு தளர்வாகவே இருக்கட்டும், விளிம்பில் ஆவி கசிவதுதான் நல்லது. பிளாஸ்டிக் குழாயைப் பெட்டியாக வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம், அந்தச் சூட்டில் அது தொய்ந்துவிடும். நடுவில் தண்ணீர் தீர்ந்தால் மொத்த வேலையும் கெடும் என்பதால் பாத்திரம் பெரிதாக இருக்கவேண்டும். ஊற்ற நேர்ந்தால் கொதிநீரையே ஊற்றுங்கள்.

நம் மலையில் கிடைக்கும் மரங்களில் எது வளையும்?

இந்தக் கேள்விக்கு நீண்ட பதில் வேண்டும்.

முதலிடம் பிளாக்வுட்டுக்கு. ஆஸ்திரேலியாவிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே கொண்டுவந்து நட்டது. ஊர்ப் பேச்சில் சீகை என்று சொன்னால் இதுவும் அதில் சேர்ந்துவிடும். ஆனால் தோல் பதனிடும் பட்டைக்காக நட்ட கறுப்புச் சீகை வேறு, இது வேறு. அந்தச் சீகை பெரும்பாலும் விறகாகவே போகிறது. பிளாக்வுட் அருமையான நாற்காலி மரம். பொன்னிறத்திலிருந்து அடர்பழுப்புவரை நிறம், நேரான நார், ஆவிக்கு நன்றாக இளகும் குணம். இது நம் கண்முன்னே கிடக்கும்போது கப்பலில் வரும் பீச்சுக்கும் ஆஷுக்கும் ஏங்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அடுத்தது தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக். இதுவும் ஆஸ்திரேலிய மரம்தான், பெயரில் ஓக் இருந்தாலும் ஓக் குடும்பம் அல்ல. மரத்தின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி, ஆரவாட்டில் அறுத்தால் வெள்ளிச் செதில்களாக மின்னும் முகம் கிடைக்கும். அதைப் பட்டைகளாக அறுத்து ஒட்டி வளைப்பதே என் தேர்வு. வெளிமுகப் பட்டையில் அந்த மினுமினுப்பு வளைவோடு ஓடுவதைப் பார்க்க அவ்வளவு அழகு. இதன் தூள் சிலருக்குத் தோல் அரிப்பைக் கொடுக்கும்; முழுக்கைச் சட்டையும் முகமூடியும் அவசியம்.

கற்பூர மரம் என்று இங்கே சொல்லும் யூகலிப்டஸின் நார் பின்னிப் பிணைந்து ஓடும், உலரும்போது முறுக்கிக்கொண்டு பிளக்கும். தொடக்கக்காரர் தொடவேண்டாம். சைப்ரஸ், பைன் போன்ற ஊசியிலை மரங்கள் ஆவியில் சரியாக வளைவதில்லை. மெல்லிய பட்டைகளாக்கி ஒட்டினால் பயன்படும். சமவெளியிலிருந்து மல்பெரி கிடைத்தால் விடாதீர்கள். வடக்கே ஹாக்கி மட்டை வளைக்கும் மரம் அதுதான்.

மலைப் பள்ளங்களில் இயற்கையாக வளர்ந்த சோலைக் காட்டு மரங்களை நினைத்தும் பார்க்காதீர்கள். சோலை போனால் ஊற்று போகும். சொந்தப் பட்டா நிலத்து மரமென்றாலும், மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955இன்படி அனுமதி பெற்றே வெட்டவேண்டும். ஈட்டி மரத்துக்கென்று தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். மரம் வாங்கும்போது அனுமதிச் சீட்டின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் வாங்கிய உலர்ந்த மரம் உடைந்துகொண்டே இருக்கிறதே?

சூளையில் உலர்த்தியதாக இருக்கும். சூளைச் சூட்டில் ஒருமுறை இளகி இறுகிய மரம் மறுபடி எளிதில் இளகாது. தொட்டியில் ஊறப்போட்டாலும் ஈரம் மேல்தோலைத் தாண்டி உள்ளே போக வாரக்கணக்கில் ஆகும். அப்போதுதான் வெட்டிய மரமும் ஆகாது. நார்க்குழல்களில் நிறைந்த நீர் அழுத்தத்தில் வெளியேற வழியின்றி மரத்தைப் பிளக்கும். வெட்டி அறுத்து, நிழலில் காற்றாட அடுக்கி, ஈரப்பத மீட்டர் நூற்றுக்கு 20க்கும் 25க்கும் நடுவே காட்டும் நிலையே வளைக்க ஏற்றது. ஈரக்காற்று மலையில் இருப்பவருக்கு இந்த நிலை தானாகவே வாய்க்கிறது.

நேரான நார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மேல்முகத்துக் கோடுகளை மட்டும் நம்பக் கூடாது. அவை ஆண்டு வளையங்களின் கோடுகள், நார் வேறு திசையில் ஓடலாம். சட்டத்தின் மீதித் துண்டு ஒன்றை எடுத்து, அகல உளியை முனையில் வைத்துத் தட்டிப் பிளந்து பாருங்கள். பிளவு எங்கே போகிறதோ அதுதான் நார். அது பதினைந்து அங்குல நீளத்தில் ஓர் அங்குலத்துக்குமேல் ஓரத்தை நோக்கி விலகினால் அந்தச் சட்டத்தை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முடிச்சு இருந்தால், எவ்வளவு சிறிதானாலும், அங்கே உடையும்.

பெட்டியிலிருந்து எடுத்த பிறகு எவ்வளவு நேரம் கிடைக்கும்?

ஒரு நிமிடத்துக்குள் வளைவு முடிந்திருக்கவேண்டும். அதனால் வேலை முழுவதும் அதற்கு முன்பே நடக்கிறது. அச்சு மேசையோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். இறுக்கிப் பிடிக்கும் கிளாம்புகள் வேண்டிய அளவுக்குத் திறந்து, எடுக்கும் வரிசையில் கிடக்கும். பட்டி சூடாக இருக்கும், ஏனென்றால் குளிர்ந்த தகடு மரத்தின் மேல்தோலை அப்போதே இறுகவைத்துவிடும். இரண்டு பேர் வேண்டும். சூடில்லாத மரத்தை வைத்து இருவரும் ஒருமுறை ஒத்திகை பார்த்துவிடுங்கள்.

கதவைத் திறப்பவர் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு திறக்கவேண்டும், முழங்கைவரை கையுறை வேண்டும். சட்டத்தைப் பட்டிக்குள் வைத்து, நடுக்கோட்டை அச்சின் நடுக்கோட்டோடு பொருத்தி, அங்கே முதல் கிளாம்பு. பிறகு இரு கைகளையும் ஒரே சீராக, நிறுத்தாமல் இழுத்து வாருங்கள். வெடுக்கென்று இழுத்தால் கிழியும், பாதியில் நின்று யோசித்தால் ஆறிவிடும். சரியாக வெந்த மரம் கையில் தெரியும்: முதலில் ஒரு கனமான எதிர்ப்பு, பின்னர் அந்த எதிர்ப்பு கூடாமல் குறையாமல் ஒரே அளவில் வளைவின் கடைசிவரை வரும். இடையில் திடீரென்று லேசானால் உள்ளே ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

விரிசல் எங்கே விழுந்தது என்று பாருங்கள். வெளிமுகத்தில் சிராய் கிளம்பியிருந்தால் பட்டியின் முனைக்கட்டை தளர்வாக இருந்திருக்கும், அல்லது நார் ஓரத்தை நோக்கி விலகிப்போயிருக்கும். உள்முகத்தில் மடிப்பு விழுந்திருந்தால் முனை அழுத்தம் மிகுதி, அல்லது அந்த மரத்துக்கு அந்த வளைவு மிகுதி.

அச்சிலிருந்து எப்போது கழற்றலாம்?

ஒரு நாள் கழித்து, ஆறிய சட்டத்தை அச்சிலிருந்து எடுத்து, அதே வளைவில் பிடித்துவைக்கும் குறுக்குச் சட்டத்தில் மாற்றிக் கட்டிவிடலாம். அப்போது அச்சு அடுத்த வளைவுக்குக் கிடைக்கும். ஆனால் உலர்வது வேறு கதை. சமவெளியில் ஓரிரு வாரத்தில் உலர்வது, ஐப்பசி கார்த்திகை மூட்டத்தில் இங்கே உலரவே உலராது. காற்று முழுக்க நீராக இருக்கும்போது மரம் எப்படி ஈரத்தை விடும்? ஓர் அலமாரிக்குள் குண்டு பல்பு போட்டு, மேலும் கீழும் காற்றுத்துளை விட்டு, மீட்டர் 12 காட்டும்வரை அதிலே வைத்துவிடுங்கள். ஈரம் இருக்கும்போதே கட்டை அவிழ்த்தால் வளைவு பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். உலர்ந்த பிறகும் சிறிது விரியும் என்பதால் அச்சை வேண்டிய வளைவைவிடச் சற்று இறுக்கமாகவே செய்யவேண்டும்.

எந்த வேலைக்கு லேமினேஷன் நல்லது?

ஒரே மாதிரி வளைவு பல வேண்டுமென்றால், அல்லது அளவு துல்லியமாக இருக்கவேண்டுமென்றால் ஒட்டி வளைப்பதே நல்லது. ஆவியில் வளைத்த இரண்டு சட்டங்கள் அச்சு அசலாக ஒத்திருப்பது அரிது. ஒட்டி வளைத்தவை ஒத்திருக்கும், விரிவதும் மிகக் குறைவு, அதற்கு எளிய கணக்கும் உண்டு. வளைவின் உயரத்தை (இரு முனைகளையும் இணைக்கும் நேர்கோட்டிலிருந்து அளந்தது) பட்டைகளின் எண்ணிக்கையின் வர்க்கத்தால் வகுத்தால் எவ்வளவு விரியும் என்று தோராயமாகத் தெரியும். 100 மி.மீ. உயர வளைவை ஐந்து பட்டைகளால் ஒட்டினால் விரிவது 4 மி.மீ., எட்டுப் பட்டைகளென்றால் ஒன்றரை மி.மீ. சொச்சம்.

பட்டையின் கனம் வளைவைப் பொறுத்தது. 300 மி.மீ. ஆரத்துக்கு 3 மி.மீ. பட்டை வலிக்காமல் போகும். பசையில்லாமல் அச்சில் அழுத்திப் பாருங்கள். கிளாம்பைக் கையாலேயே இறுக்க முடியவேண்டும். நட்டம் ரம்பத்தில்தான். 3 மி.மீ. பட்டை அறுக்க 3 மி.மீ. வாய் உள்ள வட்ட ரம்பம் போட்டால் பாதி மரம் தூளாகிறது. மெல்லிய நாடா போன்ற ரம்பம் ஓடும் பேண்ட்சா இருந்தால் அதில் அறுத்து இழைத்துக்கொள்ளுங்கள். அறுத்த வரிசையிலேயே அடுக்கி ஒட்டினால் முழு மரம் போலவே தோன்றும்.

பின்லாந்தின் கட்டடக் கலைஞர் அல்வார் ஆல்ட்டோ 1930களில் பிர்ச் மரத்தில் ஒரு வழி கண்டார். நேரான காலின் ஒரு முனையில் மட்டும் நீளவாக்கில் பல வெட்டுகள் போட்டு, அவற்றில் பசையோடு வெனீர் என்னும் மெல்லிய மரத் தாளைச் செருகி, அந்த முனையை மட்டும் வளைத்தார். முக்காலிக் காலுக்கு இதைவிடச் சிக்கனமான முறையை நான் பார்த்ததில்லை. சில்வர் ஓக்கில் செய்து பாருங்கள்.

குளிரில் பசை பிடிக்கவில்லையே?

பிடிக்காது. சாதாரண வெள்ளைப் பசை ஏறக்குறைய 10 டிகிரிக்குக் கீழே போனால் ஒட்டுப்படலமாகாமல் சுண்ணாம்புத் தூள் போல வெளுத்துவிடும். மரம், பசை, அச்சு மூன்றுமே சூடாக இருக்கவேண்டும். உதகையில் உறைபனி விழும் ஜனவரியில் முதல்நாளே பட்டைகளை அறைக்குள் கொண்டுவந்து வைத்து, ஒட்டிய பிறகு அச்சோடு தார்ப்பாயால் மூடி உள்ளே ஒரு ஹீட்டரை மட்டான சூட்டில் வைத்து, அருகிலேயே ஆள் இருக்கவேண்டும்.

வெள்ளைப் பசையில் இன்னொரு குறையும் உண்டு. இறுகிய பிறகும் அது மெல்ல நழுவும். மாதக்கணக்கில் வளைவு விரிந்துகொண்டே போகும். கனத்த பாரம் தாங்கும் வளைவுக்குத் தூளாக வந்து தண்ணீரில் கலக்கும் யூரியா பசையோ எபாக்சியோ வாங்குங்கள். யூரியா பசை 20 டிகிரிக்குக் கீழே மிக மெதுவாகத்தான் இறுகும், இழைக்கும்போது வரும் தூள் நுரையீரலுக்குக் கெடுதல்.

பிளைவுட்டை வளைக்கலாமா?

ஒரு பக்கம் மட்டும் வளையும் மெல்லிய பிளைவுட் தனியாகக் கிடைக்கிறது. வரவேற்பு மேசை முகப்புக்கு அது சரி. கிண்ணம் போல இரு திசையிலும் வளைவு வேண்டுமென்றால் பெரிய அழுத்த இயந்திரம் வேண்டும். அமெரிக்காவில் நாற்காலி வடிவமைப்பாளர்களான ஈம்ஸ் தம்பதி 1940களில் கடற்படைக்குக் கால்முறிவுக் கட்டைகளை அப்படி வார்த்துப் பழகிய பிறகே நாற்காலிக்கு வந்தார்கள். சிறு பட்டறைக்கு அது வேண்டாம்.

இந்த மலைக்கு வளைக்கும் மரபு ஏதாவது உண்டா?

தோடர்களின் குடிலைப் போய்ப் பாருங்கள். மூங்கிலையும் பிரம்பையும் வளைத்து, கட்டி, மேலே புல் வேய்ந்து, பீப்பாயைப் பாதியாகப் பிளந்து கவிழ்த்த வடிவில் நிற்கிறது. ஆணி கிடையாது, ஒவ்வொரு வளைவும் அடுத்ததைத் தாங்குகிறது. வளைவு எப்படிப் பலமாகிறது என்பதை அறிய இதைவிட நல்ல இடம் இல்லை.

இங்கே செய்ததைக் கோவைக்கு அனுப்பினால் தளர்ந்துவிடுமா?

மழைமாதத்தில் செய்து அனுப்பினால் தளரும். சமவெளி வெயிலில் மரம் இன்னும் உலர்ந்து குறுக்குவாட்டில் சுருங்கும், மூட்டுகள் ஆடும். உலர்த்தும் அலமாரியில் ஈரப்பதத்தை 10 அல்லது 11க்கு இறக்கிவிட்டு மூட்டுப் போடுங்கள். பாலிஷை உள்முகம், அடிப்பக்கம், முனை என எல்லாப் பக்கமும் போடுங்கள்.

வளைத்த மரத்தில் கறுப்புக் கறை விழுகிறதே?

சாதாரண இரும்புத் தகடும் மரத்திலுள்ள துவர்ப்புச் சாரமும் ஈரச்சூட்டில் சேர்ந்தால் நீலக்கறுப்புக் கறை வரும். துருப்பிடிக்காத எஃகுப் பட்டிக்கு மாறுங்கள், அல்லது நடுவே பாலித்தீன் தாள் வையுங்கள். மேலோட்டமான கறை இழைத்தால் போய்விடும். ஆழமாக இருந்தால் ஆக்ஸாலிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு துணியால் தடவி, நன்றாகக் கழுவி உலர்த்திய பிறகு உப்புத்தாள் போடுங்கள்.